எல்லைக்கல்லுக்கு அப்பால் நாற்பத்திரண்டு தப்படி

கரைமேல் அய்யனாரைக் கும்பிடும் சொந்தங்கள் அனைவருக்கும் கருப்பையா வணக்கம்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன ‘ர’ வருமா பெரிய ‘ற’ வருமா என்று இன்றைக்கும் தடுமாறுவேன். நம் பூசாரி வேளாரின் மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மேலும் தப்பு இருந்தால் அது என் தப்பு, பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம்.

இதை நான் எழுதியிருக்கவே கூடாது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொல்லியிருக்க வேண்டும். அது என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையும் கீழே எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. குன்றாண்டார்கோவில் பக்கம் லோடுமேன் வேலை. நெல், உரம், சிமெண்ட், மரம், எது வந்தாலும் ஏற்றுவேன், இறக்குவேன். பேச்சு வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்கவே கூசுவேன். ஒரே மகன் மணிகண்டன். அவனிடம் போனில் பேசினாலும் ‘சாப்டியா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அவன் பிளஸ் டூ முடித்துப் பயிற்சி எடுத்துச் சரக்குக் கப்பலில் மாலுமியாகப் போனான். போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை காலத்தில் அவனிடம் நான் பேசியதைச் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது.

இந்த வருஷம் மாசியில் அந்தக் கப்பல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரத்தடி ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. வடக்குக் கடல். உள்ளே ரொம்பியது போக மேல்தளத்திலும் தடிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, சங்கிலியும் இரும்புக் கயிறும் போட்டுக் கட்டியிருந்தார்களாம். போட்டோ அனுப்பியிருந்தான். நான் பார்த்த லாரி லோடு எல்லாம் அதற்கு முன்னால் தீப்பெட்டி.

புயல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2018-ல் வந்த புயலில் என் பலாமரம் இரண்டும் வேரோடு போயின. ஆனால் அந்தப் புயலைப் பல நாள் முன்னாலேயே டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பேர் வைத்தார்கள். கோட்டைப்பட்டினத்தில் படகையெல்லாம் கரையேற்றினார்கள். வருகிறது வருகிறது என்று சொல்லி வந்த புயல் அது. மணிகண்டன் போகும் கடலில் அப்படி இல்லை. முன்பு ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் கயிறு முறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நம்ம பக்கத்துப் புயலு சுடு தண்ணியில பொறக்குதும்மா. அங்க அப்படியில்ல. வடக்க இருந்து ஐஸ் மாதிரி காத்து வரும், தெக்க இருந்து சூட்டுக் காத்து வரும். ரெண்டும் முட்டிக்கிட்டா அவ்வளவுதான். காலையில சும்மா மேகமா இருக்கும். மறுநா விடியிறதுக்குள்ள அலை மாடி வீட்டு ஒசரத்துக்கு எந்திரிக்கும். காத்தழுத்தம் ஒரே நாள்ல சரசரன்னு எறங்கும். கப்பல்ல அதுக்கு வெடிகுண்டுன்னே பேரு.”

“அதுக்கு என்னடா பேரு வப்பாங்க?” என்று பாக்கியம் கேட்டாள். பாக்கியம் என் வீட்டுக்காரி.

“பேரு வைக்க எங்கம்மா நேரம்?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மாசி, பங்குனி வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை நம் ஊரில் காப்புக் கட்டினோம். வெளியூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறைக் கையில் கட்டிக்கொண்டால் எட்டு நாள் வீட்டில் தாளிக்கக் கூடாது. காப்புக் கட்டிய ஆள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் வேலைக்குப் போய்வரலாம். நம் எல்லை தெற்கே வாய்க்கால் ஓரம் நட்டிருக்கும் கல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தார் ரோடு, பஸ் நிற்கும் கொட்டகை. இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். நம் ஊருக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஒரு புள்ளி காட்டும், உடனே அணையும். ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால் கல்லைத் தாண்டிப் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் புரவி எடுப்புக்கு, அதாவது மண் குதிரையைக் கோவிலுக்குத் தூக்கிப்போகும் திருவிழாவுக்கு, காப்புக் கட்டிய பதினொரு பேரில் நானும் ஒருவன். மகனுக்காகத்தான் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரெங்கசாமி வந்தான். பாக்கியத்தின் தம்பி. புதுக்கோட்டையில் டயர் கடையில் வேலை பார்க்கிறான், தினமும் போய்வருவான். மணிகண்டன் அவன் போனுக்குப் பேசி அனுப்பியிருந்ததை எங்களுக்குப் போட்டுக் காட்டினான்.

“மாமா, அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லிருங்க. செவ்வாக்கெழமை சாயங்காலம் காத்து பலமா இருக்கும்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நெட்டு கட்டானாலும் ஆகும். பயப்பட வேணாம். தடியெல்லாம் கட்டித்தான் இருக்கு. செவ்வாக்கெழமை காலையில ஒருதடவ பாத்து இறுக்கிருவோம்.”

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்டது. இன்ஜினா காற்றா என்று தெரியவில்லை. “திரும்பப் போடு மாப்ள” என்றேன். மூன்று தடவை போடச் சொன்னேன்.

“மச்சான், இது என்ன பாட்டா?” என்றான் ரெங்கசாமி. பாக்கியம் அவனை முறைத்தாள்.

அன்று கோவிலில் போய் நின்றேன். எல்லோருக்கும் நடுவில் நிற்கக் கூச்சமாக இருந்ததால் வழக்கம்போல வாசலில் செருப்புப் போடும் இடத்தில்தான் நின்றேன். எனக்கு வேண்டத் தெரியாது. மனதுக்குள் ஒன்றே ஒன்று கேட்டேன். அய்யா, நீ எல்லை காக்கிற தெய்வம். உன் எல்லை இந்த வாய்க்கால் கல்லோடு முடிந்துபோகிறது. என் பிள்ளை எங்கேயோ உலகத்தின் அந்தப் பக்கத்துத் தண்ணீரில் கிடக்கிறான். அங்கே உன் குதிரை வருமா?

பதில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ பொங்கல் தூக்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் திங்கள் காலை ஏழரை மணிக்கு வேளார் வீட்டுக்குப் போனேன். நம் கோவிலில் பூசையும் அவர்தான், மண் குதிரை செய்வதும் அவர்தான். இந்த வருஷத்துப் பெரிய புரவியைத் தூக்கிப்போக மூங்கில் சட்டத்தில் வைத்துக் கட்டும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். லோடுமேன் கட்டினால் அசையாது என்று நம்பிக்கை. முந்தின நாள் மதியமே வைக்கோல் மெத்தை போட்டு, புரவியின் வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டு, நான்கு பேர் இழுத்தும் அசையாதபடி கட்டிவைத்திருந்தேன்.

காலையில் கயிற்றின் மேல் கை வைத்தேன். தொளதொளவென்று கிடந்தது.

யாரும் அவிழ்க்கவில்லை. வைக்கோல் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இது முதல் பாடம். லோடு ஏற்றிக் கயிறு கட்டிய உடனே வேலை முடியாது. லாரி பத்துக் கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, இறங்கி, மறுபடி கயிறை இழுக்க வேண்டும். லோடு அதற்குள் தன் இடத்தில் அமுங்கி உட்கார்ந்திருக்கும், கயிறு தொய்ந்திருக்கும். இதைச் செய்யாத லாரிதான் வளைவில் கவிழும். மூங்கில் லோடு ஒன்று அப்படிச் சாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கட்டியவன் நல்லாத்தான் கட்டியிருந்தான். மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை.

புரவியின் வயிற்றில் என் கை இருந்தது. ‘தடியெல்லாம் கட்டித்தான் இருக்கு’ என்று மகன் சொன்னது காதில் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் இறுக்குவோம் என்றானே. அதுவரை பொறுக்குமா? பேர் வைக்க நேரம் இல்லாத புயல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை காத்திருக்குமா?

என் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. “என்ன கருப்பையா, காச்சலா?” என்று வேளார் கேட்டார். “இல்லீங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாக்கியம் தண்ணீருக்குப் போயிருந்தாள். ரெங்கசாமி ஆறு மணி பஸ்ஸுக்கே வேலைக்குப் போய்விட்டான். போனை எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லுக்கு நடந்தேன்.

நடக்கும்போதே பேசிப் பதிவு செய்தேன். அதற்கு முன் நான் அப்படிப் பேசி அனுப்பியதே இல்லை. ரெங்கசாமி செய்வதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். என்ன பேசினேன் என்று மணிகண்டன் பிறகு போட்டுக் காட்டினான்.

“மணி, அப்பா பேசுறேன். அந்தச் சங்கிலிய நாளைக்கிப் பாக்கலாம்னு விட்டுறாதய்யா. இன்னைக்கே பாரு. இப்பவே. லோடு அமுங்கியிருக்கும். கட்டுன அன்னைக்கி இருந்த இறுக்கம் இப்ப இருக்காது. பெரியவுககிட்ட சொல்லு. சிரிச்சாலும் சொல்லு. சாப்டியா?”

அனுப்பினேன். கடிகாரம் மாதிரி ஒரு குறி வந்தது. அப்படியே நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினேன். கல்லின் மேல் ஏறி நின்று தூக்கிப் பிடித்தேன். போகவில்லை. யாராவது வந்தால் போனைக் கொடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஊரே கோவில் வேலையில் இருந்தது. ஒரு பஸ் நிற்காமல் போனது. ஒரு மாடு வந்தது.

கையில் இருந்த காப்பைப் பார்த்தேன். அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய் வந்து கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அது அய்யனாரை ஏய்ப்பது. வேண்டாம் என்று விட்டேன். பத்து நிமிஷம் நின்றேன். இருபது நிமிஷம் நின்றேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, எறும்புகள் இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் காப்பும் இல்லை, கல்லும் இல்லை.

“அய்யா, குத்தம் என்னோடது, என்கிட்ட தீத்துக்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தாண்டினேன்.

எண்ணிக்கொண்டே நடந்தேன். மூட்டை எண்ணிப் பழகியவன், பதற்றம் வந்தால் எதையாவது எண்ணுவேன். நாற்பத்திரண்டாவது தப்படியில் குறி மாறியது. போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டு குறி ஆனது. அவன் கேட்டதற்கு அடையாளமாக நீலம் ஆகுமாம். ஆகவில்லை. நான் திரும்பி ஓடிவந்துவிட்டேன். அப்போது மணி எட்டரை இருக்கும். அவன் இருக்கும் இடத்தில் எங்களை விட ஆறரை மணி நேரம் முன்னால். அவனுக்கு மதியம் மூன்று மணி.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெங்கசாமி வந்தான். மணிகண்டனை ஆளெடுத்து அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் போட்டானாம். “கப்பலோட பேச முடியலன்னு சொல்றாங்க மச்சான். மேல இருக்குற ஏரியல் உடைஞ்சிருக்கலாமாம். ஒண்ணும் ஆயிருக்காதுன்னு சொல்றாங்க.” அவன் ஜோக்கு எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை அவன் ஒரு படம் காட்டினான். கடல் படத்தின் மேல் வட்டம் வட்டமாகக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்று, நெருக்கமாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி. திங்கள் அன்று இந்த இடத்தில் இரண்டு வளையம்தான் இருந்ததாம். ஒரே நாளில் இத்தனை. செவ்வாய் சாயங்காலம் வரும் என்று சொன்னது திங்கள் ராத்திரியே வந்துவிட்டதாம். நடு வளையத்துக்குப் பக்கத்தில் ரெங்கசாமி விரலை வைத்தான். “இங்கிட்டுத்தான் எங்கயோ.” பாக்கியம் அந்தப் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

நான் படுக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. வேளார் வீட்டுக்குப் போய்ப் புரவியின் கயிறை இறுக்குவேன். வருவேன். மறுபடி போய் இறுக்குவேன். “கருப்பையா, குதிரைக்கு மூச்சு முட்டப் போவுது, விடு” என்றார் வேளார். என் மனதில் ஓடியது வேறு. காப்போடு எல்லையைத் தாண்டியவன் நான். அதற்குத்தான் இந்தத் தண்டனையோ. நான் பேசாமல் இருந்திருந்தால் பிள்ளை பத்திரமாக இருந்திருப்பானோ. இல்லை, நான் சொன்னதைக் கேட்டுத் தடியின் மேல் ஏறிக் கடலில் விழுந்துவிட்டானோ. ஒன்றை விரட்டினால் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

வியாழக்கிழமை மதியம் பாக்கியம் சோறு போட்டாள். எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“தாளிக்காத கொழம்பக் கூட முழுங்கிறலாம். ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு முழுங்க முடியல. என்னத்த மறைக்கிறீங்க?”

சொன்னேன். கல், நாற்பத்திரண்டு தப்படி, எல்லாவற்றையும். அவள் என் கையில் இருந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன்கிட்ட சொல்லீட்டீங்கள்ல?”

“சொன்னேன்.”

“நீங்களா பேசுனீங்க? ஒங்க வாயால?”

“ஆமா.”

“அப்பச் சாப்பிடுங்க” என்றாள். பிறகு உள்ளே போய் விளக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுதாள். நான் போகவில்லை. தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை. புரவி எடுப்பு. காலை ஏழரை மணிக்கு நாங்கள் வேளார் வீட்டு வாசலில் புரவிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். ரெங்கசாமி பஸ்ஸில் வரும் மாலைக்கட்டை வாங்கக் கொட்டகைக்குப் போயிருந்தான். அங்கிருந்து அவன் போட்ட சத்தம் ஊருக்குள் கேட்டது.

“அக்கா! மச்சான்! மணி பேசுறான்! ஓடியாங்க!”

ஓடினோம். நான் முன்னால், பாக்கியம் பின்னால். ரெங்கசாமி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடிவந்தான். கல்லுக்குக் கொஞ்ச தூரத்தில் சட்டென்று நின்றான். “இங்கிட்டு வந்தா கட்டாகுது! நீங்க வாங்க!”

நான் கால் எடுத்தேன். பாக்கியம் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். “ஒருதடவ போதும்” என்றாள். அவள் பிடி லாரிக் கயிறு மாதிரி இருந்தது.

ரெங்கசாமி ஸ்பீக்கரில் போட்டான். அவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அவன் கேட்டுக் கேட்டுக் கத்தினான்.

“நல்லா இருக்கானாம்! ஜப்பான் பக்கத்துல வந்துட்டாங்களாம்! தாடையில அஞ்சு தையலாம்!”

“எதுக்குடா தையலு?” என்று பாக்கியம் கத்தினாள்.

“சட்டி விழுந்துச்சாம்! சமையக்கட்டுல எல்லாம் பறந்துச்சாம்!”

“சங்கிலிய இழுத்தானான்னு கேளு மாப்ள!” என்றேன்.

“என்னது? கேக்கல!”

“சங்கிலி! சங்கிலி!”

“நீங்களே கேளுங்க மச்சான்!” என்று போனை எங்கள் பக்கம் நீட்டித் தலைக்கு மேல் தூக்கினான்.

அதற்குள் ஊர் சனம் பின்னால் வந்துவிட்டது. பொம்பளைகள், மேளக்காரர்கள், பொட்டு வைத்த கையோடு வேளார். அத்தனை பேருக்கும் நடுவில், பிறந்ததிலிருந்து நான் கத்தாத கத்து ஒன்று கத்தினேன்.

“மணீ! சங்கிலிய இழுத்தியாடா?”

எல்லோரும் அடங்கிப்போனார்கள். அந்த அமைதியில் போனில் இருந்து சின்னதாக, ஆனால் தெளிவாக அவன் குரல் வந்தது.

“இழுத்தோம்ப்பா! அன்னைக்கே இழுத்தோம்ப்பா! நீங்க சொல்லலன்னா...”

கட்டாகிவிட்டது. ரெங்கசாமி போனை உதறிப் பார்த்தான். வரவில்லை. எனக்கு அது போதும். நான் எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சக் கதையை மணிகண்டன் ஜூலையில் ஊருக்கு வந்தபோது சொன்னான். அன்று மதியம் என் குரலைக் கேட்டதும் முதலில் பயந்துவிட்டானாம், வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று. அப்பா இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லையே. பிறகு கூச்சத்தோடு அவர்களின் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்தாராம். “உன் அப்பா கேப்டனா?” என்று கேட்டாராம். “இல்லை, லாரி லோடுமேன்” என்றானாம். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அவரும் சின்ன வயதில் மூட்டை தூக்கியவராம். மேல் ஆபீசரிடம் போய், நாளைக்குச் செய்வதை இன்றைக்கே செய்துவிடலாம், இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்றாராம்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு பேர் இறங்கியிருக்கிறார்கள். சங்கிலியை இறுக்கும் இரும்புத் திருகு ஒன்றை இவன் திருகினானாம். முழுசாக ஏழு சுற்று உள்ளே போனதாம். அவ்வளவு தொய்வு. அடுத்ததும் அப்படியே. இருட்டும் நேரம் கடைசித் திருகை முடித்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். நடுச்சாமத்துக்கு முன்னாலேயே காற்று வந்துவிட்டது. அதன்பிறகு இரண்டு நாள் ஒருவரும் மேல்தளத்தில் கால் வைக்க முடியவில்லை. செவ்வாய் காலை செய்வதற்கு இருந்த வேலைக்குச் செவ்வாய் காலையே இல்லை. கப்பல் ஒருமுறை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிராமல் அப்படியே நின்றதாம். “எண்ணுனேம்ப்பா” என்றான். “ஒங்க பழக்கந்தான். பதினொண்ணு வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் நிமிந்துச்சு.” தடி ஒன்றுகூட நகரவில்லை. நகர்ந்திருந்தால் நிமிர்ந்திருக்காது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கூட வேலை பார்த்த ஒரு பையனுக்கு மாடிப்படியில் விழுந்து கால் முறிந்தது. மணிகண்டன் தாடைத் தையலைக் கப்பலிலேயே ஒரு ஆபீசர் போட்டார், கோணலாக. இப்போது சிரித்தால் ஒரு பக்கம்தான் ஏறுகிறது. பாக்கியம் அதைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் அவன் தாடையைத் துடைத்துவிடுவாள், அங்கே துடைக்க ஒன்றும் இருக்காது.

இனி என் குத்தம்.

புரவியைக் கோவிலில் இறக்கி வைத்து மறுநாள் காப்பு அவிழ்க்கும்போது நான் வேளாரிடம் சொல்லிவிட்டேன், காப்போடு எல்லை தாண்டினேன் என்று. நம் ஊரில் அதற்குத் தண்டம் ஒன்றுதான். சன்னதிக்கு முன்னால் கூட்டத்தில் நின்று, என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதோடு தீர்ந்தது.

நின்றேன். ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வேர்த்தது. மூன்று நிமிஷம் அப்படி நின்றிருப்பேன்.

“நேத்துத்தான் நாலு ஊருக்குக் கேக்குற மாதிரிக் கத்துனீங்க. இன்னைக்கி வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றான் ரெங்கசாமி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வேளார் கொஞ்சம் யோசித்தார். “கருப்பையா, ஒனக்கு வாயி வராதுன்னு அய்யனாருக்குத் தெரியாதா? எழுதிக் குடு. நம்ம கோவில் மலர்ல போடுவோம், எல்லாரும் படிக்கட்டும். ஆனா குடுக்குற வரைக்கும் ஒன் குத்தம் நிக்கும், பாத்துக்க” என்றார். அவர் மகள் ஒரு நோட்டு கொடுத்தது.

மார்ச் போனது. ஏப்ரல் போனது. நோட்டை எடுப்பேன், ‘முதலில்’ என்று எழுதுவேன், மூடிவிடுவேன். “எழுதியாச்சா?” என்று வேளார் கண்மாய்க் கரையில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நான் வேறு பாதையில் போக ஆரம்பித்தேன்.

அந்த நாளை நான் இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அய்யனார் குதிரையில் வந்து கடலை அடக்குவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு கயிறைத் தொய்யவிட்டு என் கையில் காட்டினார். பேசவே தெரியாத என் வாயைத் தேர்ந்தெடுத்தார். அதுவும் அவர் பேரால் கட்டிய காப்போடு அவர் எல்லையைத் தாண்ட வைத்து. அந்தக் கல்லோடு அவர் காவல் முடிந்துவிடுகிறது என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய அறியாமை. நான் நடந்த நாற்பத்திரண்டு தப்படியிலும் அவர் எனக்கு முன்னால் போயிருக்கிறார்.

இப்போது நான் மகனோடு பேசுகிறேன். ‘சாப்டியா’ என்று கேட்டுவிட்டுப் போனைக் கொடுப்பதில்லை. என்ன ஏற்றியிருக்கிறீர்கள், எப்படி அடுக்கியிருக்கிறீர்கள், கட்டு எப்போது போட்டது என்று கேட்பேன். அவனும் சொல்வான். அரை மணி நேரம்கூடப் பேசியிருக்கிறோம். பாக்கியம் போனுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறாள். கோவிலிலும் செருப்புப் போடும் இடத்தில் நிற்பதில்லை, தூண் பக்கம் வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் மெதுவாக.

சொந்தங்களே, உங்கள் பிள்ளைகளும் திருப்பூரில், சிங்கப்பூரில், வளைகுடாவில் இருக்கிறார்கள். மனம் தவித்தால் அய்யனாரிடம் கேளுங்கள். பதில் பெரிய சத்தமாக வரும் என்று காத்திருக்காதீர்கள். கையில் தொட்டது எதுவோ உறுத்தினால், யாருக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றினால், சிரிப்பார்களே என்று அடக்காதீர்கள். சொல்லிவிடுங்கள். நம்பிச் சொல்லுங்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பாடு.

இன்று காலை மணிகண்டன் மறுபடி கப்பலுக்குப் புறப்பட்டுப் போனான். அதே வடக்குக் கடல்தான், அதே குளிர்காலம். பஸ் கொட்டகை வரை கூடப் போனேன். ஏறும்போது, “அப்பா, கட்ட மறுபடி தொட்டுப் பாக்காம விட மாட்டேன். நீங்களும் அந்த நோட்ட எழுதிருங்க” என்றான். கோணல் சிரிப்பு. பஸ் திரும்பும் வரை நின்றேன். திரும்பி வந்து கல்லைத் தாண்டும்போது, என் பக்கத்துக் கயிறு ஒன்று பத்து மாதமாகத் தொய்ந்து கிடப்பது உறைத்தது. அவன் கப்பல் ஏறுவதற்குள் அதை இழுத்துக் கட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து நேராக நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். மதியச் சோறு இன்னும் சாப்பிடவில்லை. பாக்கியம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

அய்யா, என் குத்தத்தைச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
கருப்பையா
14.12.2025, கார்த்திகை 28, ஞாயிற்றுக்கிழமை